அந்த மூன்று மணிச் சீட்டு

எங்கள் வீட்டு பீரோவில் நகைப் பெட்டிக்கு இருக்கும் இடத்தைவிட ஒரு மஞ்சள் பைக்கு இருக்கும் இடம் பெரிசு. எந்த ஜவுளிக்கடையில் கொடுத்த பை என்று இப்போது சொல்ல முடியாது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. உள்ளே இருப்பது முழுக்க ரத்தப் பரிசோதனைக் காகிதம். என் மாமியாருக்கு 14 வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாதம் ஒரு காகிதம் என்றாலும் எவ்வளவு ஆகிறது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது போக என் வீட்டுக்காரரின் கொலஸ்ட்ரால், மகளுக்கு வந்த டெங்கு, என்னுடைய இரண்டு பிரசவம், மகன் வேலைக்குச் சேரும்போது எடுத்த ரத்த குரூப், எல்லாம் அதற்குள் அடக்கம்.

"பழைய பேப்பர்காரனிடம் போட்டால் நாலு பேரீச்சம்பழமாவது தேறும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஏன் சேர்த்து வைக்கிறேன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. டாக்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்ற பயம்தான்.

போன பொங்கலுக்கு என் தங்கை மகள் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளில் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கும் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக் கணக்குப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகமாம். 'பிக் டேட்டா' என்று பேர் சொன்னாள். எனக்கு அது ஏதோ பிஸ்கட்டின் பெயர் மாதிரிக் கேட்டது.

பீரோவில் எதையோ தேடப் போனவள் கண்ணில் அந்தப் பை பட்டுவிட்டது. அவ்வளவுதான்! திண்ணையில் பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் எனக்கு வினோதமாக இருந்தது. ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்தவுடன் அவள் நடுவில் உள்ள எண்களைப் பார்க்கவில்லை. மேல் மூலையைப் பார்த்தாள்.

"ஏன்டி, சுகர் எவ்வளவுன்னு பார்க்காம மூலையில என்னத்தைப் பார்க்கிற?"

"ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு பார்க்கிறேன் பெரியம்மா."

சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு காகிதத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். "இது என்ன? உங்க அத்தைக்கு சாயந்தரம் ஏழு மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்திருக்காங்க. மறுபடி விடியக்காலம் மூணு மணிக்கு எடுத்திருக்காங்க. அன்னிக்கு என்ன ஆச்சு?"

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் காகிதம் பைக்குள் இருப்பதே எனக்கு மறந்திருந்தது. மறந்திருந்தது என்பது பொய். அதை எடுத்துப் பார்க்காமல் இருந்தேன், அதுதான் நிஜம்.

2023-ம் வருஷம், மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது கடற்கரைப் பக்கம் இருக்கிற சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். ஐஸ் வேண்டாமென்றால் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் என் வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதே அபூர்வம்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். என் மாமியாருக்கு அப்போது 68 வயது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், உடம்பு சில்லென்றுதான் இருந்தது. ஆனால் பேரனைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லி, "வலை காய்ஞ்சிருச்சாடா?" என்று கேட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டி பிடித்து, பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். பெரிய கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். மருந்து ஏற்றினார்கள்.

நான் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தேன். நடுச்சாமம் கழிந்து விளக்கைப் போட்டார்கள். நர்ஸ் ஊசியும் குழாயுமாக நிற்கிறாள். பக்கத்தில் அந்த டியூட்டி டாக்டர். சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

"ஏம்மா, சாயந்தரம்தானே எடுத்தீங்க? கிழவி உடம்பில இருக்கிறதே கொஞ்சம் ரத்தம். அதையும் உறிஞ்சிட்டா எப்படி?" என்று நான் சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ரத்தத்தைப் பற்றிக் கவலையா, பில்லைப் பற்றிக் கவலையா? உண்மையைச் சொன்னால் பில்லைப் பற்றித்தான்.

காலையில் ரிசல்ட் வந்தது. வெள்ளை அணு எண்ணிக்கை சரி. மற்றதும் சரி. அந்தப் பெண் டாக்டரே வந்து சொன்னாள். "எல்லாம் நார்மல்தாம்மா வந்திருக்கு. ஆனா ஆளைப் பார்த்தா எனக்கு மனசு ஒப்பலை. யூரின் கல்ச்சர் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் இருக்கட்டுமே."

"நார்மல்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டேன்.

அவளிடம் பதில் இல்லை. என்னிடம் கையில் காகிதம் இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன்! 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்' என்று என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். போடச் சொன்னது நான்தான். அவர் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "என்னங்க யோசனை, பணம் என்ன மரத்திலா காய்க்குது?" என்று அதற்கும் ஒரு வார்த்தை சொன்னேன்.

மறுநாள் ராத்திரி என் மாமியாருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டிக்கொண்டது. 108 வண்டியில் ஏற்றியபோது ரத்த அழுத்தம் கைக்கு அகப்படவில்லை என்றார்கள். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. 11 நாள் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்து வந்தார்கள், என் தாலி பாக்கியமோ அவர்கள் செய்த புண்ணியமோ. ஆனால் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சர்க்கரை உள்ள வயசாளிகளுக்கு உள்ளே கிருமி பெருகினாலும் சில சமயம் காய்ச்சலும் வராது, வெள்ளை அணுவும் ஏறாது, புத்தி தடுமாறுவதே முதல் அடையாளமாக இருக்கும் என்று பெரிய டாக்டர் அப்புறம் சொன்னார். அப்புறம் தெரிந்து என்ன பண்ண?

இதையெல்லாம் என் தங்கை மகளிடம் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னாள். கதை இல்லை, நடந்த ஆராய்ச்சி.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள். 2005, 2006 வருஷங்களில் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்ட 6,69,452 பேருடைய கம்ப்யூட்டர் பதிவுகளை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஐசக் கோஹானியும் அவர் கூட்டாளிகளும் எடுத்து அலசியிருக்கிறார்கள். 2018-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் வெளிவந்தது. வழக்கமாகச் செய்கிற 272 விதமான லேப் சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி புதுமாதிரி. சோதனையின் விடை என்ன என்பதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அந்தச் சோதனையை எழுதினாரா இல்லையா, எந்த மணிக்கு எழுதினார், எந்தக் கிழமையில் எழுதினார், முன்னால் எடுத்ததற்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டார்கள். அந்த நோயாளி மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருப்பாரா என்பதை எது சரியாகச் சொல்கிறது என்று பார்த்தார்கள்.

272-ல் 233 சோதனைகளில், விடை என்ன என்பதே வேண்டாம், டாக்டர் அதை எழுதினார் என்ற ஒரு விஷயமே நோயாளியின் ஆயுளோடு சம்பந்தப்பட்டதாக இருந்ததாம். இன்னும் கேளுங்கள். எடுத்த நேரத்தையும் வந்த விடையையும் ஒப்பிட முடிந்த 174 சோதனைகளில், 118-ல் விடையைவிட நேரம்தான் அதிகம் சரியாகச் சொன்னதாம்!

"அதெப்படிடி? கடிகாரத்துக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"கடிகாரத்துக்குத் தெரியாது பெரியம்மா. ராத்திரி மூணு மணிக்கு ஒரு டாக்டர் எழுந்து வந்து சீட்டு எழுதுறார்னா, அவர் கண்ணில எதுவோ பட்டிருக்கு. வெளிறின முகம், மூச்சு, உளறல், ஏதோ ஒண்ணு. அதை அவர் எங்கேயும் எழுதலை. எழுதத் தெரியாமகூட இருக்கலாம். ஆனா அந்த நேரத்தில அது பதிவாயிடுது."

எனக்குச் சுருக்கென்று புரிந்துவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். பகலில் குழந்தையின் நெற்றியைப் பத்துத் தடவை தொடுகிறோம். அது கொஞ்சல். நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்து விளக்கைப் போட்டுத் தொடுகிறோமே, அது வேறு. தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் அதற்குப் பிறகு தூக்கம் வராது. குழந்தை பால் குடித்த விதத்திலோ அழுத குரலிலோ நாம் எதையோ கண்டிருக்கிறோம். மாமியாரோ வீட்டுக்காரரோ "அதான் 98 காட்டுதே, படு" என்றால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்! அந்த டாக்டர் பெண்ணிடம் நான் சொன்னதும் அதே வார்த்தைதான்.

'ஆளைப் பார்த்தா மனசு ஒப்பலை' என்று அவள் சொன்னது சாக்குப்போக்கு என்று நினைத்தேன். பில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவளுக்கே அதைச் சொல்லி விளக்கத் தெரியவில்லை. ஆறரை லட்சம் பேருடைய சீட்டுகளை அலசித்தான் அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது என்றால், அந்தச் சின்னப் பெண் அரைத் தூக்கத்தில் எனக்கு என்னத்தைச் சொல்லியிருப்பாள்?

இதைப் படித்துவிட்டு ராத்திரியில் ரத்தம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக்கூடாது, உப்பு கொடுக்கக்கூடாது என்கிற ஊர் நம்முடையது. இதையும் அதோடு சேர்த்துவிடுவோம். ஊசி குற்றவாளி இல்லை. அது வந்த நேரம் ஒரு சாட்சி, அவ்வளவே.

அன்றைக்கு அதோடு பேச்சு முடியவில்லை. எனக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வந்தது. நான் பாம்பனில் பிறந்தவள். ராமேஸ்வரம் தீவில் மலேரியா வெகுகாலம் விடாமல் இருந்த நோய். கிணறு, தண்ணீர்த் தொட்டி, சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழி எல்லாம் கொசுவுக்குத் தொட்டில். பதினைந்து நாளைக்கு ஒருதரம் 'மலேரியாக்காரர்' வீடு வீடாக வருவார். "யாருக்கும் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் விரலில் சுருக்கென்று குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டு, சுவரில் வரைந்திருக்கும் கட்டத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார். நாங்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடுவோம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார் எங்கள் அப்பா. சர்க்கார் எழுத்தாயிற்றே!

"அதுவும் உன் பிக் டேட்டாதானேடி? எங்க வீட்டுச் சுவரில எழுதி வச்சிருந்ததே" என்றேன். சிரித்தாள். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்றாள். மலேரியாக்காரர் காய்ச்சல் என்ற எல்லாருக்கும் குத்தினார். இவருக்கு வேண்டும், அவருக்கு வேண்டாம் என்று அவர் தீர்மானம் செய்யவில்லை. அதனால் குத்தியது ஒன்றும் சொல்லாது, கண்ணாடித் துண்டில் கிருமி இருந்ததா என்பதுதான் சொல்லும். ஆஸ்பத்திரி டாக்டர் ஆளைப் பார்த்துத் தீர்மானம் செய்து எழுதுகிறார். அங்கே எழுதியதே ஒரு செய்தி. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் தப்புக் கணக்குத்தான் போடும் என்றாள்.

எனக்கு உடனே நான் ஏமாந்த கதை ஒன்று உறைத்தது. நாலு வருஷம் முன்பு எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு லேப்காரர்கள் முகாம் போட்டார்கள். 70 சோதனை, 999 ரூபாய். புடவைத் தள்ளுபடிக்குப் போவது போல நானும் இரண்டு சிநேகிதிகளும் கிளம்பிப் போனோம். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. எழுபதில் ஒன்று எனக்குச் சிவப்பு எழுத்தில் வந்தது. பிலிருபின் கொஞ்சம் கூடுதல். மஞ்சள் காமாலை என்று பயந்து, ஒரு மாதம் கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் குடித்தேன். தாளிதம் இல்லை, மீன் இல்லை. பிறகு எங்கள் ஊர் டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லை, போய் மீன் குழம்பு வை" என்றார்கள்.

ஏன் அப்படி வருகிறது தெரியுமா? 'நார்மல்' எல்லை என்று அச்சடிக்கிறார்களே, அதை எப்படிப் போடுகிறார்கள் என்றால், ஆரோக்கியமானவர்கள் 100 பேரை எடுத்தால் 95 பேர் எதற்குள் வருகிறார்களோ அதுதான் எல்லை. பெரும்பாலான சோதனைகளுக்கு இப்படித்தான். மிச்சம் 5 பேர் நன்றாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒரு சோதனைக்கு இது பரவாயில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனை செய்தால், ஒரு வியாதியும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது சிவப்பு எழுத்தில் வர 100-க்கு 64 வாய்ப்பு. எழுபது செய்துகொண்ட எனக்கு ஒன்றுதான் வந்தது என்றால் நான் அதிர்ஷ்டசாலி!

சோதனை எழுதுவது கூடிக்கொண்டே போவதும் நம் ஊரில் மட்டுமில்லை. பிரிட்டனில் 2000 முதல் 2015 வரை குடும்ப டாக்டர்கள் எழுதிய 25 கோடி சோதனைகளைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சேர்த்துத்தான். ஆரம்பத்தில் ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரி ஒன்றரை. கடைசியில் ஐந்து. அத்தனையும் மனசு ஒப்பாமல் எழுதியவையாக இருக்குமா, எனக்குச் சந்தேகம்தான். அங்கே வைத்தியம் இலவசம், யாருக்கும் பங்கு போகிற பேச்சு இல்லை. இங்கே? லேப்காரரிடம் டாக்டர் கமிஷன் வாங்கக்கூடாது என்று 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவர்கள் உண்டு என்பதை டாக்டர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அருண் காத்ரே, அபய் சுக்லா என்ற இரண்டு டாக்டர்கள் 78 டாக்டர்களிடம் பேசி 2016-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார்கள்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். கமிஷனுக்கு எழுதுகிறவர்கள் எழுதி எழுதி, நமக்குச் சீட்டு என்றாலே சந்தேகம் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தச் சந்தேகத்தை நான் கொண்டுபோய் யார் தலையில் இறக்கினேன்? தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு கிழவியைப் பார்க்க வந்து நின்ற பெண்ணின் தலையில்.

இன்னொன்றும் என் தங்கை மகள் சொன்னாள், அது மனசில் நிற்கிறது. இந்த மாதிரிப் பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டருக்கே நோய் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். பாஸ்டனில் படித்த கம்ப்யூட்டரை நம் ஊருக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? ராத்திரி லேப் பூட்டியிருக்கும் ஊரில் மூன்று மணிச் சீட்டே இருக்காது. "சீட்டு இல்லை, ஆகவே ஆள் சௌக்கியம்" என்று அது முடிவு கட்டிவிடலாம். நான் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கடலில் மூழ்கி மூழ்கி எழுந்திருப்பார்கள். தலை சுற்றுகிறது என்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை. அது மலேரியாக்காரர் மாதிரி வீடு தேடிப்போய் விரலில் குத்தி எடுத்த கணக்கு. அதனால்தான் தெரிந்தது. அவர்களாக ஆஸ்பத்திரிக்கு வந்து சீட்டு வாங்குவது என்றால் எத்தனை பேர் கணக்கில் வந்திருப்பார்கள்?

"நம்ம ஊரிலயும் எல்லாம் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு பெரியம்மா" என்றாள். வாஸ்தவம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்த அம்மா என் மாமியாருடைய அளவுகளைப் பதிந்துகொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதே வருஷம் செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய 14 இலக்க 'ஆபா' எண்ணும் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருக்கிறது. நம் வீட்டு வியாதியெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். பெயர், விலாசத்தையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் தங்கள் கம்பெனியில் கணக்குப் பார்ப்பார்கள் என்றாள். அவள் சொன்னால் சரி. ஆனாலும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு, நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருப்பேன்.

அவள் ஊருக்குப் போன பிறகு நான் அந்தப் பையை வேறு மாதிரி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். லேப் காகிதத்தில் ரத்தம் எடுத்த நேரம் ஒன்று, ரிசல்ட் கொடுத்த நேரம் ஒன்று என இரண்டு அச்சாகியிருக்கும். எடுத்த நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறேன். பின்பக்கத்தில், டாக்டர் அதை எதற்காக எழுதினார் என்று பென்சிலால் ஒரு வரி. 'மாதாந்திரம்', 'கால் வீக்கம்', 'மாத்திரை மாற்றியதால்', இப்படி. இதற்காக டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் கூச்சமாக இருந்தது. "எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று கேட்டால் சண்டைக்கு நிற்பது போல இருக்கிறது, முகம் சுளிக்கிறார்கள். "என்னத்தைப் பார்த்து எழுதினீங்க டாக்டர்? எனக்கும் தெரிஞ்சா வீட்டில பார்த்துக்குவேன்" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும், "எல்லாருக்கும் எழுதுறதுதாம்மா" என்றார். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மூன்று மணிச் சீட்டின் பின்பக்கமும் இப்போது ஒரு வரி இருக்கிறது. 'ஆளைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை.' இரண்டு வருஷம் பிந்தி எழுதியது. அந்த டாக்டர் பெண் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. மேல்படிப்புக்குப் போய்விட்டாளாம். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

என் மாமியாருக்கு இப்போது உப்பு அளந்துதான். கருவாடு கிடையாது. ஒரு காலத்தில் மூன்று தெரு மணக்க நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தவர்கள், உப்பில்லாத ரசத்தைப் பிசைந்துகொண்டு, "இன்னிக்கு என்னமோ கொஞ்சம் ருசியா இருக்கு" என்று சொல்வார்கள். எனக்காகச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யார் அழைத்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வாரம் சோதனைக்குப் போய் வந்து, பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் கேட்டார்கள்:

"எப்பப் பார்த்தாலும் என்னத்தைடி எழுதுற, வட்டிக் கணக்கா?"

"ஆமா அத்தை" என்றேன்.

"எழுது, எழுது. உன் புருஷன் மாதிரி பாதியில விட்டுறாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.